மறுமொழி: ‘தொடர்நிலை அழுத்தி’யா, ‘படிமுறை அழுத்தி’யா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் இருக்கும் நம் தம்பி, போட்டித் துப்பாக்கி சுடுதலுக்காக வீட்டிலேயே தோட்டா அடைப்பதைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கி, ‘பிராக்ரசிவ் பிரஸ்’ என்ற கருவிக்குப் பெயர் கேட்டிருந்தார். முதலில் வந்த ‘முற்போக்கு அழுத்தி’யை யாரும் ஏற்கவில்லை; அதை விட்டுவிடலாம். இப்போது ‘படிமுறை அழுத்தி’, ‘பல்நிலை அழுத்தி’, ‘தொடர்நிலை அழுத்தி’ மூன்றும் நிற்கின்றன. நான் மூன்றாவதன் பக்கம். பெங்களூரில், பீன்யாவில் ஒரு டூல் ரூமில் (தகட்டு அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறை) வேலை பார்க்கிறேன். இதே ‘பிராக்ரசிவ்’ என்ற சொல் எங்கள் பட்டறையில் காலை முதல் மாலை வரை புழங்குகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒரே கருவியில் பல வேலை நடக்கிறது என்றால் ‘பல்நிலை’ என்பதே போதாதா?

போதாது. ஏன் என்று பார்க்க, சுட்டு முடித்த வெற்றுக் கோது (பித்தளைக் கூடு) மறுபடி தோட்டாவாக என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். சுட்டதில் உப்பிய பித்தளையைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். அடியில் இருக்கும் பழைய பொட்டை (அடிபட்டால் பொறி தரும் ‘பிரைமர்’) ஊசியால் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். வாயைச் சற்று விரித்து, அளந்த வெடிமருந்தை இட வேண்டும். குண்டை உட்கார வைத்து, கடைசியாக வாயை இறுக்க வேண்டும். இதைச் செய்ய மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற முதல் வகையில் ஓர் அச்சு (டை), ஒரு கோது, அவ்வளவுதான். எல்லாக் கோதுகளையும் முதலில் இறுக்கி முடித்து, அச்சை மாற்றி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இரண்டாம் வகையில் நான்கைந்து அச்சுகள் ஒரு சுழலும் தலையில் இருக்கும். கோது இருந்த இடத்திலேயே இருக்க, தலை சுழன்று அடுத்த அச்சு அதன்மேல் வந்து நிற்கும். டரெட் லேத்தில் வேலை செய்தவர்களுக்கு உடனே விளங்கும்: ஜாப் சக்கில், டூல்தான் மாறி மாறி வருகிறது. மூன்றாம் வகைதான் நம் கருவி. இதில் அச்சுகள் அசையாது. கோதுகள் ஒரு வட்டத்தட்டில் உட்கார்ந்து, ஓர் அச்சின் கீழிருந்து அடுத்த அச்சின் கீழ் போகின்றன.

பந்தியில் நாம் இலைமுன் உட்கார்ந்திருக்கிறோம், பரிமாறுபவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அது இரண்டாம் வகை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை ஏந்தி நாம் நகர்கிறோம், சோறும் குழம்பும் பொரியலும் போடுபவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், வரிசையில் இருக்கும் எல்லாத் தட்டிலும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று விழுகிறது. அது மூன்றாம் வகை. இரண்டிலும் நிலைகள் பல. ஆகவே ‘பல்நிலை’ என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘படிமுறை’யும் அப்படியே. படிப்படியாகச் செய்வது முதல் வகையிலும் உண்டு.

தம்பி குழும அழைப்பில் தன் டில்லன் 550 கருவியைக் காட்டியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். பாதியில் கைப்பிடியை நிறுத்திக் காமிராவைத் தட்டுக்கு அருகில் கொண்டுவந்தார். நான்கு நிலை, நான்கு கோது. ஒன்று இப்போதுதான் புதுப் பொட்டு பெற்றிருக்கிறது. அடுத்ததன் வாய் விரிந்து உள்ளே சாம்பல் நிற மருந்து தெரிகிறது. மூன்றாவதில் குண்டு உட்கார்ந்துவிட்டது. நான்காவது முடிந்த தோட்டா. ஒரு தோட்டாவின் முழுக் கதையும் அந்தத் தட்டில் அருகருகே நின்றது.

எங்கள் பட்டறையிலும் இதே காட்சிதான். பிராக்ரசிவ் டூலில் (பல நிலைகள் கொண்ட தகட்டு அச்சு) தகட்டுச் சுருளிலிருந்து ஸ்டிரிப், அதாவது தகட்டுப் பட்டை, உள்ளே போகும். முதல் நிலையில் பைலட் ஓட்டை (பட்டையைச் சரியான இடத்தில் நிறுத்த உதவுவது), அடுத்ததில் வேறு ஓட்டைகள், பிறகு வளைப்பு, கடைசி நிலையில் வெட்டு. ஒவ்வோர் அடிக்கும் ஸ்டிரிப் ஒரு பிட்ச், அதாவது ஒரு நிலைத் தூரம், நகரும். முதல் சில அடிகளில் ஒன்றும் கீழே விழாது. நிலைகளெல்லாம் நிறைந்ததும் அடிக்கு ஒரு பாகம் விழுந்துகொண்டே இருக்கும். பாதியில் ஸ்டிரிப்பை வெளியே எடுத்துப் பார்த்தால், வெறும் தகடு இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாகமாக மாறுவது தெரியும். புதிதாக வேலைக்குச் சேரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பையன்களுக்கு நான் அந்த ஸ்டிரிப்பைக் கையில் கொடுத்துத்தான் சொல்லித் தருகிறேன். ஆக, தகட்டு வேலைக்கும் தோட்டா வேலைக்கும் தத்துவம் ஒன்று. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லாக இருந்தால் தம்பியின் கட்டுரைக்கும் ஆகும், பாலிடெக்னிக் பாடத்துக்கும் ஆகும். தொடர்நிலை அழுத்தி, தொடர்நிலை அச்சு. மற்ற இரண்டு கருவிகள் ஒற்றைநிலை அழுத்தி, சுழல்தலை அழுத்தி. மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்னால் எதில் எது அசைகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது.

> ‘தொடர்நிலை’ ஏற்கெனவே செய்யுள் வகைக்குப் பெயர் ஆயிற்றே. இயந்திரத்துக்கு அதைக் கொண்டுபோகலாமா?

புலவர் ஐயாவின் இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் எனக்கு இதுவே ஆதரவாகப் படுகிறது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனித்து நின்று முடிவது முத்தகம். ஒன்றோடு ஒன்று பொருளாலோ சொல்லாலோ இணைந்து மேலே செல்வது தொடர்நிலை. ‘ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும்’ என்ற கருத்துக்குத் தமிழ் முன்பே ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கிறது, ஐயா. அதை எடுத்து ஆள்வதில் குழப்பம் வராது. காவியம் படிப்பவர் யாரும் அதை அழுத்தி என்று எண்ணப் போவதில்லை.

‘அழுத்தி’யை மாற்றி ‘அச்சுப்பொறி’ என்று போடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பிரிண்டருக்குப் போய்விட்டது, வேண்டாம்.

இதைவிடக் கவலையோடு பேச வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. கோதுத்தட்டு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போவதைப் பட்டறையில் ‘இண்டெக்ஸ்’ என்போம். தம்பியின் வரைவில் இது ஓரிடத்தில் ‘சுழற்சி’, ஓரிடத்தில் ‘மாற்றம்’, இன்னோரிடத்தில் ‘அடுத்த படி’ என்று வருகிறது. மற்ற இடங்களில் சொல் மாறினால் நடை கெடும், அவ்வளவுதான். இங்கே மாறினால் ஆளுக்கு ஆபத்து. டில்லன் 550-இல் தட்டைக் கையால்தான் நகர்த்த வேண்டும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி போன்ற ஐந்து நிலைக் கருவிகளில் கைப்பிடியை இயக்கினாலே தட்டு தானாக நகரும். கையால் நகர்த்தும் கருவியில், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, நகர்த்தாமல் மறுபடி இழுத்தால் அதே கோதில் இரண்டாம் முறை மருந்து விழும். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் மருந்து கோதின் பாதிகூட நிறையாது என்பதால், இரட்டை மருந்து வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. சுடும்போது துப்பாக்கி சிதறலாம். தானாக நகரும் கருவியில் பெரும்பாலும் வேறு வகைப் பிழை வரும்: மருந்து விழாமலே கோது தாண்டிப் போய்விடும். அந்தத் தோட்டாவைச் சுட்டால் பொட்டின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி, பாதியில் சிக்க வைக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். ஐந்து நிலை உள்ளவற்றில் பலர் ஒரு நிலையை மருந்தின் மட்டத்தைச் சரிபார்க்க மட்டும் ஒதுக்குவது இதற்காகத்தான்.

எனவே ‘நிலைநகர்வு’ என்ற ஒரே சொல்லைக் கட்டுரை முழுக்க வைத்துக்கொள்ளலாம். கைநகர்வுக் கருவி, தன்னகர்வுக் கருவி. வினையாக வரும்போது ‘ஒரு நிலை நகர்த்தவும்’. பட்டறைப் பையன்கள் இப்போதே ‘ஒரு பிட்ச் நகர்த்து’ என்றுதான் சொல்கிறார்கள், வாயில் இடறாது.

மற்ற சொற்களில் பலவற்றுக்கு நான் உடன்படுகிறேன். ‘ரீலோடிங்’ என்பதை ‘மீண்டும் ஏற்றுதல்’ என்று எழுதினால் துப்பாக்கியில் தோட்டா போடுவதாகப் படிப்பார்கள். சிவகாசியில் மருந்து செலுத்துவது, அடைப்பது என்றெல்லாம் சொல்வதால் ‘மீளடைப்பு’ சரி. முழுதாகச் சேர்ந்தது தோட்டா, முனையில் பறந்து போவது குண்டு. செய்தித்தாளில் இரண்டும் கலந்து வருகிறது, நாம் பிரித்தே ஆள வேண்டும். வெற்றுப் பித்தளைக்கு ஈழ நண்பர் தந்த ‘கோது’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புளியங்கோது என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? ‘பிரைமர்’ என்பதற்கு ‘பொட்டு’ என்று முன்மொழிந்த சகோதரிக்குத் தனியாக நன்றி. சிறு வயதில் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுட்ட பொட்டு வெடியை மறக்காதவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அடிபட்டால் பொறி தருகிற சிறு வில்லை, அதுதான் இதுவும். அமெரிக்காவில் புழங்கும் பாக்சர் வகைக் கோதில் நடுவில் ஒரே துளை இருப்பதால் ஊசி நேராக இறங்கிப் பொட்டைத் தள்ளிவிடும். பெர்டன் வகையில் நடுவை விட்டு இரண்டு துளைகள், ஊசிக்கு வழி இல்லை. தொடர்நிலை அழுத்தியின் முதல் நிலை பாக்சர் வகையை நம்பித்தான் இருக்கிறது என்பதைத் தம்பி ஒரு வரியில் எழுதினால் நல்லது.

ஒன்றை மட்டும் மொழிபெயர்க்கவே கூடாது: மருந்தை நிறுக்கும் எடை அலகான கிரெய்ன். வரைவில் இரண்டு இடங்களில் அது ‘கிராம்’ ஆகியிருக்கிறது. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம்தான், ஒரு கிராமுக்குள் 15-க்கும் மேற்பட்ட கிரெய்ன்கள் அடங்கும். ‘குறுணை’, ‘மணி’ என்று அழகான தமிழ் வைத்தாலும் தராசின் திரையில் தெரியும் எழுத்தோடு அது பொருந்தாது. தராசில் இருப்பதே தாளிலும் இருக்கட்டும்.

தில்லியிலிருந்து சட்ட மொழிபெயர்ப்பு செய்யும் அம்மா கேட்ட குறிப்பும் கட்டாயம் வேண்டும். தம்பி இருக்கும் ஊரில் இது கார் ஷெட்டில் செய்யும் பொழுதுபோக்கு. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. அதோடு, அந்தச் சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட ‘அம்யூனிஷன்’ (தோட்டா, வெடிமருந்து வகை) என்ற கணக்கிலேயே சேர்கின்றன. அதாவது இங்கே அந்த அழுத்தியே சட்டத்தின் கண்ணில் தோட்டாவுக்குச் சமம். 2019-இல் வந்த திருத்தம் சட்டவிரோதத் தயாரிப்புக்கான தண்டனையை இன்னும் கூட்டியது. தமிழில் எழுதினால் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இருப்பவர்கள்தான் அதிகம் படிப்பார்கள். ஆகவே இந்தக் குறிப்பு கட்டுரையின் தலையிலேயே, முதல் படத்துக்கும் முன்னால் வர வேண்டும்.

கடைசி வேலையான ‘கிரிம்ப்’புக்கு ‘வாய் இறுக்கல்’, ‘விளிம்பு மடிப்பு’ இரண்டில் எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. தகட்டு வேலையில் மடிப்பு என்றால் வேறு பொருள் வருவதால் ‘இறுக்கல்’ பக்கம் சாய்கிறேன், ஆனால் தம்பி சொல்வதே முடிவு. தம்பி, நிலைநகர்வு வரும் பத்தியை மட்டும் முதலில் திருத்தி அனுப்புங்கள். எங்கள் பட்டறையில் இந்தக் கருவியைப் பார்த்தே இராத ஒரு பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எங்கே தடுமாறுகிறான் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
பீன்யா, பெங்களூரு