ரசாயன ஆயுத அழிப்பு: ப்ளூ கிராஸ், ப்யூப்லோ மக்கள் நிதிக்காகவும் ஏன் போராடினார்கள்?

நெய்தல்வாசன் (கேள்வி):
கென்டக்கியில் ரிச்மண்ட் ஊரை ஒட்டியுள்ள ப்ளூ கிராஸ் ராணுவக் கிடங்கைப் பற்றிப் படித்து வருகிறேன். ஆயுதங்களை உலையில் எரிக்கப் போவதாக 1984-இல் ராணுவம் சொன்னபோது ஊரே எதிர்த்தது. அதே மக்கள் 2005-இல் "நிதியைக் குறைக்காதீர்கள், வேலையைத் தொடங்குங்கள்" என்று நின்றார்கள். கொலராடோவின் ப்யூப்லோவிலும் இதே கதைதான். தடுத்தவர்களே பிறகு அவசரப்படுத்தியது எப்படி? பூட்டிக் காவல் போட்ட குண்டுகள் இன்னும் சில வருடம் கிடந்தால் என்ன ஆகிவிடும்?

அமிலக்காரம்:
பூட்டிவைத்தாலும் அது சும்மா கிடப்பதில்லை. எம்55 ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் செய்தது. அலுமினிய முனைக்குள் ஏறக்குறைய 5 கிலோ சரின் அல்லது விஎக்ஸ் (இரண்டும் நரம்பைத் தாக்கும் நஞ்சுகள்), நடுவில் வெடிமருந்துக் குழல், பின்னால் நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோஸும் கலந்த உந்துமருந்து. உந்துமருந்து தானாகவே மெல்லச் சிதையும். சிதைவில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்ள நிலைப்படுத்தி ஒன்று சேர்த்திருப்பார்கள். அது தீரத் தீர, தானே தீப்பற்றும் அபாயம் ஏறும். சரின் சிதைந்தால் அமிலம் உண்டாகி அலுமினியத்தை அரிக்கும். கசிந்த சரின் உந்துமருந்தில் பட்டால் நிலைப்படுத்தி இன்னும் வேகமாகத் தீரும். ஒன்று பற்றினால் அதே இக்லூவில் (மண் மூடிய கான்கிரீட் கிடங்கு) அடுக்கியிருக்கும் மற்றவையும் பற்றும். ஊர்மக்கள் பயந்தது இதற்குத்தான்.

முரண் எதுவும் இல்லை. அழிப்பதை அவர்கள் எதிர்க்கவே இல்லை, எரிப்பதைத்தான் எதிர்த்தார்கள். 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் எரிக்காத வழிகளைச் சோதிக்கத் தனித் திட்டம் கொண்டுவந்தது. ப்ளூ கிராஸில் சரினை வடித்துச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் சிதைத்தார்கள். ப்யூப்லோவில் தோலைக் கொப்புளிக்க வைக்கும் மஸ்டர்ட் நஞ்சைச் சுமார் 90 டிகிரி வெந்நீரில் கலந்து, காரம் சேர்த்து, கிடைத்த தயோடைகிளைக்கால் என்ற வேதிப்பொருளை நுண்ணுயிர்களுக்குத் தீனியாக்கினார்கள். இந்த முறையில் ஒரு தொகுதி முடிந்ததும் தொட்டியிலேயே நிறுத்திச் சோதிக்கலாம். நஞ்சு மிச்சமிருந்தால் மறுபடி வினைக்கு விடலாம். புகைபோக்கி வழியாகப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

வரவுசெலவு:
பணக் கணக்கைச் சொல்கிறேன். பணம் ஒரே பையிலிருந்து வரவில்லை. வடிவமைப்பு, இயந்திரம், ஆலை ஓட்டுதல் எல்லாம் ரசாயன ஆயுத அழிப்புத் தலைப்பில். கட்டடம் ராணுவக் கட்டுமானத் தலைப்பில். ஒன்றில் வெட்டு விழுந்தால் மற்றதும் முடங்கும். நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1-க்குள் முறையான நிதிச் சட்டம் வராமல் இடைக்கால ஏற்பாட்டில் ஓடினால், புதிய கட்டுமானத்தைத் தொடங்க முடியாது.

இரு கட்டுமானங்களையும் பராமரிப்பு நிலையில் நிறுத்திவைக்கப் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) முயன்றதுதான் 2005 பிரச்சினை. அந்த வருடத்துக்கு அது மிச்சம்போலத் தெரியும். ஆனால் ஆலை நின்றாலும் காவல், இக்லூ காற்றுச் சோதனை, கசிவு கண்டால் தனிக் கலனில் அடைப்பது எதுவும் நிற்காது. 1988 முதல் நடந்த அவசரகால ஆயத்தத் திட்டமும் தொடர வேண்டும்: ஊர்ச் சைரன்கள், வீட்டுக்குள் வைக்கும் எச்சரிக்கை வானொலி, ஒத்திகைகள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இந்தச் செலவு மொத்தத்தில் ஏறும். ஆகவே வருட ஒதுக்கீட்டைப் பார்க்காதீர்கள், கடைசிக் குண்டு வரையிலான மொத்தச் செலவைக் கேளுங்கள்.

நெய்தல்வாசன்:
மிக்க நன்றி. வேறு மாநிலங்களில் ஏற்கெனவே ஓடிய உலைகளுக்கு அனுப்பியிருந்தால் செலவு குறைந்திருக்காதா?

வரவுசெலவு:
அந்த யோசனையும் 2005-இல் எழுந்தது. ஆனால் இருப்பிலுள்ள ரசாயன ஆயுதங்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை 1994-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை மாற்றினாலும், கசியும் ராக்கெட்டை லாரியில் ஏற்ற எந்த ஊர் வழிவிடும்?

அமிலக்காரம்:
செலவு ஏறியதற்குத் தாமதம் மட்டும் காரணமில்லை, தொழில்நுட்பமும் காரணம். ப்ளூ கிராஸின் 155 மிமீ மஸ்டர்ட் குண்டுகளை எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே கெட்டியாகப் படிந்திருந்தது தெரிந்தது. வடிக்க வழியில்லை. அதனால் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கிய வெடிப்பு அறையைப் புதிதாக நிறுவி, குண்டை முழுசாகவே உள்ளே இறக்கினார்கள். இன்னொன்று, சிதைத்த கழிவுநீரை 374 டிகிரிக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் ஆக்சிஜனேற்றும் அலகு. அந்த நிலையில் உப்பு கரையாமல் படியும், உலோகம் அரிக்கும். காரத்தில் கரைந்த அலுமினியம் வேறு கூழாகி அடைக்கும். கடைசியில் அதைக் கைவிட்டுக் கழிவுநீரை வெளியே அனுப்பினார்கள். இதையெல்லாம் கேட்கச் சட்டமே இடம் தந்திருந்தது: ஒவ்வொரு மாநிலத்திலும் 9 பேர் குழு, அதில் 7 பேர் பாதிக்கப்படும் பகுதி மக்கள்.

ப்யூப்லோ 2023 ஜூன் 22-இல் முடிந்தது, ப்ளூ கிராஸ் ஜூலை 7-இல். ரசாயன ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை முதலில் வைத்த கெடு 2007. கடைசிக் குண்டுக்குப் பிறகும் நிதி தேவை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நஞ்சுபட்ட கரி வடிகட்டிகள், பாதுகாப்பு உடைகள், மரத்தட்டுகளை அழிக்க வேண்டும். குழாய்களைக் கழுவிச் சோதித்து ஆலையைப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கும் வருடங்கள் பிடிக்கும்.