காமிரிதூ: கூட்டு நினைவை நாடகப் பிரதியில் தேடுவதா, நாவலில் தேடுவதா?

ஏட்டுச்சுவடி:
கென்யாவின் காமிரிதூ ஊர் நாடகத்தையும் (1977) எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அடுத்து எழுதிய கிக்குயு மொழி நாவலையும் (1980) சேர்த்து, ஊரின் கூட்டு நினைவு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இரண்டிலும் நிலப்பறிப்பு, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலம் எல்லாம் வருகிறது. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பட்டியல் போட்டாச்சு. வழிகாட்டி 'இதில் ஊர் எங்கே?' என்கிறார். என்ன செய்யலாம்?

கூத்துமேடை:
வழிகாட்டி கேட்டது சரிதான். அச்சில் வந்த நாடகம் கடைசிக் கட்டம். 1977 ஏப்ரலில் கூகியும் உடன் எழுதிய கூகி வா மிரியும் வரைவைக் கொடுத்தார்கள், ஜூன் வரை ஊர் கூடி வாசித்துத் திருத்தியது, அக்டோபர் 2 அரங்கேற்றம், நவம்பர் 16 தடை. உங்களுக்குச் சரக்கு அந்த ஏப்ரல்-ஜூன் திருத்தங்களில்தான். கிழவர் பாத்திரம் வாலிபன் மாதிரிப் பேசுகிறது என்று பெரியவர்கள் மாற்றினார்கள். கல்யாணக் காட்சியின் கித்தீரோ பாட்டை எழுத்தறியாத ஒரு மூதாட்டி சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு காட்சிக்கும் யார் எதைத் திருத்தினார்கள், ஏன் என்று தனிப் பத்தி போடுங்கள். ஆதாரம் கிடைக்காத இடத்தை வெற்றாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பொருட்களையும் விடாதீர்கள். நாடகத்தின் ஏழை உழைப்பாளி கிகூண்டா வைத்திருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலப் பத்திரம் மேடையில் கண்ணெதிரே இருக்கிறது. அது வங்கிக் கடனில் போகிறது. பார்த்த சனத்துக்கு அது வெறும் காகிதமா என்ன?

நாட்குறிப்பு:
களத்துக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. 1977 நாடகமும், 1982இல் தேசிய அரங்கில் ஏறவிடாமல் தடுக்கப்பட்ட இன்னொரு நாடகமும், அதே ஆண்டு மார்ச்சில் போலீஸ் வந்து காமிரிதூ அரங்கை இடித்ததும் பேச்சில் ஒன்றாகிவிட வாய்ப்புண்டு. அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். இத்தாலியின் தெர்னியில் ஒரு தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் சுடப்பட்டார். ஊர்க்காரர்கள் அதை 1953 ஆட்குறைப்புப் போராட்டத்தில் வைத்தே சொன்னார்கள். நினைவில் அது ஏன் இடம் மாறியது என்பதைத்தான் வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாந்த்ரோ போர்ட்டெல்லி ஆராய்ந்தார். சொன்ன தேதி, ஆவணத் தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

முதலில் ஒவ்வொருவரையும் தனியாக, பிறகு 5, 6 பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேட்டி எடுங்கள். வரிசை மாறினால் குரல் பெரிதாக இருப்பவர் சொன்னதே எல்லாருக்கும் நினைவாகிவிடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 5, 6 மணி ஆகும். பாட்டு வந்தால் இன்னும் கூட.

ஏட்டுச்சுவடி:
நன்றி தோழர்களே. நாவலை என்ன செய்வது? அது தனி ஆள் எழுதியதுதானே, அதுவும் காமிட்டி சிறையில், கழிவறைத் தாளில்.

கூத்துமேடை:
எழுதியது தனி ஆள், படித்தது கூட்டம். வீட்டில் மாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார்கள். மதுக்கடையிலும் அப்படித்தான்: சுவாரசியமான கட்டத்தில் வாசிப்பவர் கிளாஸ் காலி என்று புத்தகத்தைக் கீழே வைப்பார், இன்னொரு பாட்டில் வந்த பிறகே கதை நகரும். நாவலின் கதைசொல்லியே கிசாண்டி என்ற சுரைக்குடுக்கைக் கருவியோடு பாடும் மரபுப் பாடகன் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஆங்கிலப் பிரதியை மட்டும் நம்பினால் பழமொழிகளின் ஓசை தெரியாது. அந்தப் பக்கங்களைக் கிக்குயு தெரிந்த ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்கள் எங்கே குறுக்கே பேசுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.