லுவாவுக்கு என்ஐசி ரிங்கைத் திறந்துவிடுவது எப்படி? (82574எல், லெகசி டிஸ்கிரிப்டர்)

கிண்டி_ரிங்:

வணக்கம். டெஸ்ட் பெஞ்ச் ஒன்றுக்காக சி-யில் யூசர்ஸ்பேஸ் டிரைவர் எழுதியாச்சு. என்ஐசி, அதாவது நெட்வொர்க் கார்டு, இன்டெல் 82574எல், எக்ஸ்86 லினக்ஸ். கர்னலோட இ1000இ டிரைவரைக் கழற்றிட்டு, சிஸ்எஃப்எஸ்ல இருக்கிற ரிசோர்ஸ்0 ஃபைலை எம்மேப் பண்ணி (நம்ம மெமரி மாதிரி இணைச்சு) கார்டோட ரெஜிஸ்டரைத் தொடுறோம். மெமரி ஒரே ஒரு 2 எம்பி ஹியூஜ்பேஜ். அதுல முதல் 4096 பைட் ரிசீவ் ரிங், அதாவது வர்ற பாக்கெட் எந்த பஃபர்ல இருக்குன்னு சொல்ற 16 பைட் டிஸ்கிரிப்டர் 256, வட்டமா சுத்தி வரும். அதைத் தொடர்ந்து 2048 பைட் பஃபர் 256.

டெஸ்ட் எழுதுறவங்க சி பக்கம் வரமாட்டாங்க, அவங்களுக்கு லுவா 5.4. அதனால ரிங்கை அப்படியே லுவா டேபிளா மாத்திக் கொடுத்திருக்கேன்: டிஸ்கிரிப்டருக்கு ஒரு டேபிள், உள்ளே அட்ரஸ், நீளம், செக்சம், ஸ்டேட்டஸ், எரர், விலான். பாக்கெட் பஃபருக்கு லைட் யூசர்டேட்டா, அதாவது வெறும் சி பாயிண்டர்.

நாலு சிக்கல். டிராஃபிக் ஏறினா கார்பேஜ் கலெக்டரே சிபியூவைத் தின்னுடுது. எப்பவாவது ஸ்டேட்டஸ்ல டிடி பிட் (கார்டு எழுதி முடிச்சதுக்கான அடையாளம்) 1, ஆனா நீளம் பழைய பாக்கெட்டோடது. ஸ்கிரிப்ட் கையில வச்சிருக்கிற பாக்கெட்டோட உள்ளடக்கம் பாதியில வேற பாக்கெட்டா மாறிடுது. நாலாவது, ரெஜிஸ்டர் டம்ப் எடுத்தா கவுண்டர் எல்லாம் பூஜ்யம் ஆயிடுது.

டேபிளை விட்டுட்டு யூசர்டேட்டாவுக்குப் போகணும்னு தெரியுது. எந்த அளவுக்குத் திறந்துவிடணும், எதை மூடி வைக்கணும்?

பெருங்குடி_பைட்:

நீங்கள் சொன்னதில் முதல் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. டிஸ்கிரிப்டரை நீங்கள் டேட்டாவாகப் பார்க்கிறீர்கள். அந்த 16 பைட் ஒரு நேரம் கார்டுக்குச் சொந்தம், ஒரு நேரம் உங்களுக்குச் சொந்தம். யார் கையில் இருக்கிறது என்பதை லுவா பக்கம் கொண்டுபோகாமல் புலங்களை மட்டும் கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும்.

டிஸ்கிரிப்டர் 1-ஐ எடுத்துக்கொள்வோம். ஹியூஜ்பேஜின் பிசிகல் அட்ரஸ் ஹெக்ஸ் 41200000 என்றால், ஓர் ஏஆர்பி பாக்கெட் வந்த பிறகு அந்த 16 பைட் இப்படி இருக்கலாம்:

00 18 20 41 00 00 00 00 – 40 00 – 12 37 – 07 – 00 – 00 00

முதல் 8 பைட் பஃபர் அட்ரஸ், லிட்டில் எண்டியன்: 41201800. அடுத்த இரண்டு நீளம்: ஹெக்ஸ் 40, அதாவது 64. ஏஆர்பி 42 பைட்தான். அதை 60-க்கு நிரப்பி, எஃப்சிஎஸ் (ஃபிரேமின் கடைசியில் வரும் பிழைச் சோதனை) 4 பைட் சேர்ந்து 64. ஆர்சிடிஎல் (ரிசீவ் கண்ட்ரோல்) ரெஜிஸ்டரில் 26-வது பிட்டை ஏற்றினால் எஃப்சிஎஸ் கழன்று 60 வரும். டெஸ்ட் எழுதுகிறவர்கள் இந்த 4 பைட்டில் நிச்சயம் தடுக்கி விழுவார்கள், டாக்குமெண்டில் எழுதி வையுங்கள். அப்புறம் செக்சம். பிறகு 12-வது பைட்டில் ஸ்டேட்டஸ் 07: பிட் 0 டிடி, பிட் 1 ஈஓபி (பாக்கெட் இங்கே முடிகிறது), பிட் 2 செக்சத்தைக் கண்டுகொள்ளாதே என்பது. 13-வது பைட் எரர், கடைசி இரண்டு விலான்.

நீளத்தைப் படித்துவிட்டு ஸ்டேட்டஸைப் படித்தால், இரண்டுக்கும் நடுவில் கார்டு எழுதிவிட முடியும். அப்போது கையில் பழைய நீளமும் புது டிடியும் இருக்கும். உங்கள் இரண்டாவது சிக்கல் இதுதான். ஸ்டேட்டஸை முதலில் படியுங்கள், டிடி இருந்தால் மட்டும், ஒரு பேரியருக்கு (படிக்கும் வரிசையைக் காக்கும் தடுப்புக்கு) பிறகு மற்றதைப் படியுங்கள். எக்ஸ்86-ல் ஹார்டுவேர் லோடுகளின் வரிசையைக் கலைக்காது, ஆனால் கம்பைலர் கலைக்கும். ஆர்ம் போர்டுக்குப் போனால் ஹார்டுவேரும் கலைக்கும். சி11 அட்டாமிக் அக்வையர் லோடு எழுதிவிட்டால் எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலும் சிபியூ வரிசை காக்கப்படும்.

இந்த வரிசையை ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே வேகமான பாதையில் புலங்களைக் காட்டாதீர்கள். ரிங் ஒரு ஃபுல் யூசர்டேட்டா (லுவா நிர்வகிக்கும் சி பொருள்; தனக்கென மெட்டாடேபிள், அதாவது நடத்தையைச் சொல்லும் டேபிள், வைத்துக்கொள்ளும்), அதற்கு "எடு", "திருப்பு" என்று இரண்டு மெத்தட். எடு: டிடி இல்லையென்றால் லுவாவின் வெற்று மதிப்பான "நில்", இருந்தால் பாக்கெட் கைப்பிடி, நீளம், எரர் மூன்றையும் தனித்தனி ரிட்டர்ன் வேல்யூவாகத் தரும். டேபிளே வேண்டாம். 1 ஜிகாபிட்டில் 64 பைட் ஃபிரேம் விநாடிக்கு 14,88,095 வரும், பாக்கெட்டுக்கு 672 நானோவிநாடி. அதற்குள் ஒரு டேபிள் செய்து ஆறு புலம் நிரப்பினால் கலெக்டர் திணறத்தான் செய்யும்.

கைப்பிடியையும் ஒவ்வொரு முறை புதிதாகச் செய்ய வேண்டாம். தொடக்கத்திலேயே 256 செய்து வைத்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் "இப்போது ஸ்கிரிப்ட் கையில்" என்று ஒரு கொடி. திருப்பியவுடன் கொடி இறங்கும். அதன்பின் அந்தக் கைப்பிடியில் பைட் படித்தால் லுவாஎல்_எரர். உங்கள் மூன்றாவது சிக்கல் பஃபரைக் கார்டிடம் திருப்பிக் கொடுத்த பிறகும் ஸ்கிரிப்ட் அதைப் படிப்பதால் வருகிறது; இப்போது அது அமைதியாகத் தப்பாகாமல் சத்தம் போட்டு நிற்கும். ஒரு ஓட்டை மட்டும் மிச்சம்: அதே டிஸ்கிரிப்டர் அடுத்த சுற்றில் மறுபடி எடுக்கப்பட்டால் கொடி மீண்டும் ஏறிவிடும், பழைய மாறி உயிர்பெற்றுவிடும். பாக்கெட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர் ஸ்டிரிங்காகக் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு மெத்தட் கொடுங்கள்.

லைட் யூசர்டேட்டா இங்கே வேண்டவே வேண்டாம். எல்லா லைட் யூசர்டேட்டாவுக்கும் சேர்த்து ஒரே மெட்டாடேபிள்தான். ரிங்கையும் பஃபரையும் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

டீபக் செய்ய மட்டும் 16 பைட்டை ஸ்டிரிங்காகத் தரும் மெத்தட் ஒன்று. லுவாவின் ஸ்டிரிங் அன்பேக்கில் சிறியதிலிருந்து பெரியது என்ற எண்டியன் குறியும், 8, 2, 2, 1, 1, 2 என்ற அளவுகளும் கொடுத்தால் பிரிந்துவிடும். அலைன்மெண்ட் குறி போடாதவரை நடுவில் பேடிங் சேராது. இதை வைத்து முடிவெடுக்கும் டெஸ்ட் எழுதக் கூடாது, பார்ப்பதற்கு மட்டும்.

ஈதர்_வேளச்சேரி:

மேலே சொன்னது சரி. ரெஜிஸ்டர் பக்கம் நான் சொல்றேன்.

இந்தக் குடும்பத்துல ஹெக்ஸ் 4000-லிருந்து இருக்கிற கவுண்டர்கள் படிச்சாலே அழியும். 4074 நல்ல பாக்கெட் எண்ணிக்கை, 4010 தவறவிட்டது. உங்க டம்ப் லூப் அதையெல்லாம் ஒரு சுத்து படிச்சுட்டு வந்திருக்கு, அதான் பூஜ்யம். இன்டரப்ட் காஸ் ரெஜிஸ்டரும் படிச்சா அழியக்கூடியது. இதை மெட்டாடேபிளோட இண்டெக்ஸ் வழியா சாதாரணப் புலம் மாதிரி காட்டினா, யாராவது பிரிண்ட் போட்டுப் பார்க்கும்போதே டெஸ்ட் ரிசல்ட் போயிடும்.

ரெஜிஸ்டர் டேபிள்ல ஒவ்வொண்ணுக்கும் நாலு தகவல் வையுங்க: ஆஃப்செட், எழுதலாமா, படிச்சா அழியுமா, எந்த பிட்டுகள் ரிசர்வ்டு. அழியுற ரகத்தை லுவாவோட பேர்ஸ் சுத்துல (டேபிளை முழுசா வலம் வர்ற லூப்) இருந்து எடுத்துடுங்க. கவுண்டருக்கு சி பக்கம் 64 பிட் கூட்டுத்தொகை வச்சு, ஒரே ஃபங்ஷன் மட்டும் ஹார்டுவேரைப் படிச்சுக் கூட்டட்டும், லுவா அந்தக் கூட்டுத்தொகையை எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கட்டும். பைட் கவுண்டர் 4088, 408சி ரெண்டும் ஜோடி: கீழ்ப்பாதி முதல்ல, மேல்பாதி அப்புறம். மேல்பாதியைப் படிக்கிறப்பதான் அழியும். மாத்திப் படிச்சா கீழ்ப்பாதியில இருந்தது காணாமப் போகும்.

படிச்சது மொத்தமும் 1-ஆ வந்தா, அதாவது 4294967295, அதை மதிப்பா திருப்பாதீங்க. பெரும்பாலும் பிசிஐஇ லிங்க் விழுந்திருக்கும், இல்லை கார்டு தூங்குது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஒரு தடவை படிச்சு அதுவும் அப்படியே இருந்தா எரர் எறிங்க. இல்லைன்னா ஸ்கிரிப்ட் "லிங்க் அப், எல்லா பிட்டும் சரி"ன்னு ரிப்போர்ட் எழுதும்.

பிட்ஃபீல்டு ஸ்டிரக்ட் வச்சிருந்தா தூக்கிடுங்க. சி-யில பிட் வரிசை கம்பைலர் இஷ்டம். அதோட ஒரு பிட்டுக்கு எழுதினா படிச்சு, மாத்தி, எழுதுன்னு மூணு வேலை நடக்கும், அதுவும் எந்த அகலத்துலன்னு உங்களுக்குத் தெரியாது. ரெஜிஸ்டர்னா 32 பிட் வாலடைல், ஒரு படிப்பு ஒரு எழுத்து, மாஸ்க் நம்ம கையில.

இண்டெக்ஸ் விஷயம் ஒண்ணு. லுவா 1-ல ஆரம்பிக்கும், ரிங் 0-ல. லுவாக்காரங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு 1 கூட்டிக் கொடுக்காதீங்க. ஆர்டிஹெச்சையும் (ஹெட், கார்டு அடுத்து எழுதப்போற இடம்) ஆர்டிடியையும் (டெயில், நாம கார்டுக்குக் கொடுத்ததோட எல்லை) பக்கத்துல வச்சு டீபக் பண்ணும்போது அந்த ஒண்ணு உயிரை எடுக்கும். ஹார்டுவேர் நம்பரே லுவாவிலும். அடுத்தது எப்பவும் 1 கூட்டி 255-ஓட பிட் அண்ட்.

ஆர்டிடி ஆரம்ப மதிப்பு 255. ஹெட்டும் டெயிலும் சமமா இருந்தா கார்டுக்கு ரிங் காலின்னு அர்த்தம். 256 டிஸ்கிரிப்டர்ல 255-தான் ஒரே நேரத்துல கார்டுகிட்ட இருக்கும். "திருப்பு" ஒவ்வொரு தடவையும் டெயிலை எழுத வேண்டாம், 32 சேர்ந்ததும் ஒரு தடவை எழுதினா போதும். டிஸ்கிரிப்டர்ல ஸ்டேட்டஸை 0 ஆக்கின பிறகுதான் டெயில் எழுத்து. பாக்கெட் வந்ததான்னு பார்க்க ஆர்டிஹெச்சைப் படிக்காதீங்க. ஹெட் நகர்ந்துட்டதால மட்டும் டிஸ்கிரிப்டர் மெமரிக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு ஆகாது, அதோட பிசிஐஇ வழியா ஒரு படிப்பு போய்த் திரும்பற நேரத்துல பாக்கெட்டே வந்துடும்.

கிண்டி_ரிங்:

எடு/திருப்பு மாத்தினதும் பழைய நீளம் நின்னுடுச்சு. திருப்பின கைப்பிடியைத் தொடுற டெஸ்ட் ரெண்டு உடனே மாட்டுச்சு, நன்றி.

இன்னும் ரெண்டு. இ1000இ-யைக் கழற்றின உடனே எங்க டிரைவரை ஏத்தினா சில நேரம் நீளம் 7, ஸ்டேட்டஸ் ஹெக்ஸ் 40-ன்னு அபத்தமா வருது. அப்புறம், ஸ்கிரிப்ட் நடுவுல கில் மைனஸ் 9 போட்டு உடனடியாக் கொன்னா கொஞ்ச நேரத்துல வேற ஏதோ புரோகிராம் செத்துப்போகுது. லுவாஜிட் எஃப்எஃப்ஐ-க்கு (சி மெமரியை லுவாவிலிருந்தே நேரடியாத் தொடுற வசதி) போயிட்டா இதெல்லாம் எளிதாகுமா?

தாம்பரம்_டிஎம்ஏ:

முதலாவது: அந்த எண்களே விடையைச் சொல்கின்றன. கர்னல் டிரைவர் எக்ஸ்டெண்டட் டிஸ்கிரிப்டர் என்ற வேறு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அதில் 8-வது பைட்டில் ஸ்டேட்டஸ், 12-வது பைட்டில் நீளம். லெகசியில் நேர்மாறு. 07-ஐ நீளமாகவும் 40-ஐ ஸ்டேட்டஸாகவும் நீங்கள் படிக்கிறீர்கள். ஆர்எஃப்சிடிஎல் ரெஜிஸ்டர், ஹெக்ஸ் 5008, அந்த வடிவத்தைத் தேர்வுசெய்யும் 15-வது பிட் ஏறியபடியே இருக்கிறது. தொடக்கத்தில் கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் 26-வது பிட்டால் ரீசெட் செய்துவிட்டு, இந்த பிட் 0 என்று சரிபார்த்த பிறகே ரிங்கை அமையுங்கள். எக்ஸ்டெண்டடுக்கு எப்போதாவது மாறினால் இன்னொன்று: கார்டு திருப்பி எழுதும்போது பஃபர் அட்ரஸ் இருந்த இடத்தையே அழித்து எழுதும். அட்ரஸ் புலத்தை லுவாவுக்குக் காட்டியிருந்தால் அது குப்பை காட்டும். அட்ரஸை எப்போதும் உங்கள் தனி அணியில் வைத்திருங்கள்.

இரண்டாவது ஆபத்தானது, தயவுசெய்து இன்றே சரிசெய்யுங்கள். கில் 9 வந்தால் ஜிசி மெட்டாமெத்தட் (பொருளை விடும்போது ஓடும் ஃபைனலைசர்) எதுவும் ஓடாது. புராசஸ் போய்விட்டது, ஹியூஜ்பேஜ் கர்னலிடம் திரும்பிவிட்டது, கார்டு மட்டும் அந்த பிசிகல் அட்ரஸில் பாக்கெட்டை எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் இப்போது யாருடையதோ அவர்கள் சாகிறார்கள். ரிசோர்ஸ்0 வழியில் இதற்குத் தீர்வு கிடையாது. விஎஃப்ஐஓ-வுக்கு (டிவைஸை யூசர்ஸ்பேஸுக்குப் பாதுகாப்பாகத் தரும் கர்னல் வசதி) மாறுங்கள்: ஃபைல் மூடப்பட்டதும் கர்னலே பஸ் மாஸ்டரை (கார்டு தானாக மெமரியைத் தொடும் உரிமையை) அணைத்து, ஐஓஎம்எம்யூ மேப்பிங்கையும் (கார்டு தொடக்கூடிய மெமரியின் வரைபடத்தையும்) எடுத்துவிடும். பிசிகல் அட்ரஸுக்காக பேஜ்மேப்பை (புராசஸின் பக்கங்கள் பிசிகல் மெமரியில் எங்கே என்று சொல்லும் ஃபைலை) தோண்டும் வேலையும் மிச்சம். பேஜ்மேப்பில் ஒரு பொறி உண்டு: லினக்ஸ் 4.2 முதல் சிஸ்அட்மின் உரிமை இல்லாமல் படித்தால் பக்க எண் 0 என்று வரும், பிழை வராது. அதை அப்படியே ரிங் அட்ரஸாகக் கொடுத்தால் டிஎம்ஏ (கார்டு நேரடியாக மெமரியில் எழுதுவது) பிசிகல் மெமரியின் அடிமட்டத்துக்குப் போகும். மாறும்வரை 0 வந்தால் நிறுத்தும் சோதனையாவது போடுங்கள்.

ஒழுங்காக முடியும் ஸ்கிரிப்டிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. லுவா_குளோஸ் ஃபைனலைசர்களைப் பதிவான வரிசைக்குத் தலைகீழாக ஓட்டும். டிவைஸ் யூசர்டேட்டா முதலில், ரிங் பிறகு என்று செய்திருப்பீர்கள். எனவே முதலில் ரிங் மெமரி போகும், அதன் பிறகுதான் டிவைஸ் நிற்கும். ரிங் மெமரிக்குத் தனி ஃபைனலைசர் வைக்காதீர்கள், டிவைஸே சொந்தக்காரராக இருக்கட்டும். ரிங்கும் கைப்பிடிகளும் டிவைஸை யூசர்வேல்யூவாக (யூசர்டேட்டாவுடன் இணைத்து வைக்கும் லுவா மதிப்பாக) பிடித்துக்கொள்ளட்டும். லுவா_நியூயூசர்டேட்டாயூவி-யில் கடைசி எண் 1, பிறகு லுவா_செட்ஐயூசர்வேல்யூ. டெஸ்ட்களில் டிவைஸை குளோஸ் பண்புள்ள லோக்கலாக அறிவிக்கச் சொல்லுங்கள், எரர் எறிந்தாலும் உடனே மூடப்படும்.

எஃப்எஃப்ஐ வேகமானது. ஸ்னாப் என்ற திட்டம் இன்டெல் 82599-ஐ லுவாஜிட்டிலிருந்தே ஓட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது போட்ட காவல் எல்லாம் அங்கே தானாக வராது. பாயிண்டரில் 256-வது உறுப்பைக் கேட்டால் எல்லை தாண்டிப் போய்ப் படிக்கும். காஸ்ட் செய்த பாயிண்டர் மூல மெமரியை உயிரோடு பிடித்திருக்காது. 64 பிட் அட்ரஸ் சிடேட்டா (எஃப்எஃப்ஐ-யின் சி பொருள்) ஆகிவிடும், அதை டேபிள் சாவியாகப் போட்டால் ஒரே அட்ரஸ் இரண்டு சாவியாக நிற்கும். பிட் லைப்ரரி முழு 1-களை மைனஸ் 1 என்று காட்டும். டிடி-க்காகக் காத்திருக்கும் லூப்பில் வாலடைல் என்ற சொல்லை நம்ப வேண்டாம், சின்ன சி ஃபங்ஷன் வழியாகவே படியுங்கள். டெஸ்ட் பெஞ்சுக்கு லுவா 5.4-ம் இந்த இரண்டு மெத்தடும் போதும் என்பது என் கருத்து.

நிறுத்தும் வரிசை: ஆர்சிடிஎல், ஹெக்ஸ் 0100, 1-வது பிட் இறக்கு. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஒருமுறை படி, அப்போதுதான் அந்த எழுத்து கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதி. 10 மில்லிவிநாடி பொறு. கான்ஃபிக் ஸ்பேஸ் கமாண்டு ரெஜிஸ்டரில் 2-வது பிட்டை (பஸ் மாஸ்டர்) அணை. அதற்குப் பிறகு மட்டும் மெமரியை விடு.