வருடச் சந்தாவா, வீட்டு ஜிம்மா? 3 மீட்டர் அறையை வைத்து ஒரு விவாதம்

புதுவரவு:
வாரம் 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். வலிமை கூட வேண்டும், கொஞ்சம் சதையும் போட வேண்டும். எடைப்பயிற்சிக்குப் புதிது, உடல் எடை 70 கிலோ. வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது: 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், கூரை 2.6 மீட்டர். கீழ்த்தளத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 12 மாத ஜிம் சந்தா கட்டுவதா, அதே பணத்துக்கு வீட்டில் சாமான் வாங்குவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

எடைத்தட்டு:
ஜிம்முக்கே போங்கள். புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் எடை வேகமாக ஏறும். அதனால் வீட்டில் வாங்கிய எடை சீக்கிரம் போதாமல் போவதும் அவருக்குத்தான். 20 கிலோ வெறும் கம்பியைத் (பார்பெல்) தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்றினால் 12 வாரத்தில் 36 முறை, கணக்குப்படி 90 கிலோ கூடுதல். இடையில் தேங்கி அதில் பாதிதான் ஏறியது என்று வையுங்கள், அப்போதும் கம்பியில் 65 கிலோ இருக்கும். ஒரு வருடச் சந்தாப் பணத்தில் பார்பெல், அதைத் தாங்கும் ரேக், பெஞ்ச், 100 கிலோ தட்டு எல்லாம் தரமாக வராது. எதையாவது மட்டமாக வாங்க நேரும், மட்டமானதற்கு அடியில்தான் நீங்கள் படுத்திருப்பீர்கள்.

இன்னொன்று, முதுகுக்கும் பின்தொடைக்கும் வீட்டில் சரியான வழி குறைவு. கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்று கூட எடுக்க முடியாத ஆளுக்கு ஜிம்மில் உட்கார்ந்தபடி எடையைக் கீழே இழுக்கும் புல்டவுன் கருவி இருக்கிறது, 15 கிலோவிலிருந்து தொடங்கலாம். வீட்டில் அவர் என்ன செய்வார்?

மாடியறை:
எனக்கு இது சரியாப் படல. மாசக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது, ஒரு தடவை போறதுக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்க்கணும். டெல்லாவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க ஜிம் வருகைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2006-ல வெளியிட்டாங்க. மாதச் சந்தா கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்காங்க. வாரம் 3 நாள்னா 12, 13 தடவை போயிருக்கணும்.

போக 20 நிமிஷம், வர 20 நிமிஷம்னா வாரம் 3 நாளுக்கு 2 மணி நேரம் வழியிலயே போயிடும். அந்த நேரத்துல ரெண்டு முழுப் பயிற்சி முடிச்சிடலாம். பார்பெல்லும் ரேக்கும் இல்லாமலே முதல் வருஷத்தை வீட்டுல ஓட்டலாம். தட்டு மாத்துற டம்பெல் ஒரு ஜோடி, சாய்வு மாத்துற பெஞ்ச் ஒண்ணு, புல்-அப் கம்பி, இழுத்தா நீளற ரப்பர் பட்டை, அதாவது ரெசிஸ்டன்ஸ் பேண்ட், ரெண்டு தடிமன்ல. இவ்வளவுதான் வேணும்.

எடைத்தட்டு:
அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் 10 வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் குறைவாகச் செலவழித்திருப்பார்கள் என்பதுதான் அதன் முடிவு. வீட்டு ஜிம்மைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஜிம்முக்குப் போகாதவர் வீட்டில் மட்டும் தவறாமல் செய்வார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வருகையில் சந்தேகமா? வருடச் சந்தா வேண்டாம், வருகைக் கணக்கில் கட்டுங்கள்.

டம்பெல் ஜோடி என்கிறீர்களே, எத்தனை கிலோ?

மாடியறை:
அந்த ஆய்வு வீட்டைப் பத்திச் சொல்லலங்கிறது உண்மைதான். வருடச் சந்தாவை மொத்தமாக் கட்டாதீங்கங்கிறதுல நாம ஒத்துப் போறோம்.

கிலோ கணக்கு இதோ. கைப்பிடி தலா 2 கிலோ, தட்டு மொத்தம் 40 கிலோ. ஒரு டம்பெல் 22 கிலோ வரை வரும், ரெண்டும் சேர்த்து 44. ரெண்டு கால்ல ஸ்குவாட் போட இது சீக்கிரம் பத்தாது, ஒத்துக்கறேன். அதனால ஒத்தைக் கால் பயிற்சிக்கு மாறணும். பின்காலைப் பெஞ்சுல வச்சு, ரெண்டு கையிலயும் டம்பெல்லோட பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட். 70 கிலோ ஆள் 44 கிலோவை வச்சுக்கிட்டு ஒரு கால்ல சுத்தமா 10 தடவை இறங்கி ஏற மாசக் கணக்காகும். பின்தொடைக்கு ஒத்தைக் கால் ருமேனியன் டெட்லிஃப்ட், அதாவது ஒரு கால்ல நின்னு இடுப்புலேர்ந்து குனிஞ்சு டம்பெல்லை இறக்கி ஏத்தறது. வழவழப்பான தரைன்னா மல்லாந்து படுத்து குதிகாலுக்கு அடியில துணி வச்சு, இடுப்பைத் தூக்கினபடியே காலை நீட்டி மடக்குங்க. பின்தொடை நடுங்கும்.

சதை போடறதுக்கு எடை பெருசா இருந்தே ஆகணும்னு இல்ல. ஒரு செட் (நிறுத்தாம செய்யற ஒரு சுற்று) முடியும்போது இன்னும் ஒண்ணு ரெண்டு ரெப்ஸ் (தடவை) தான் மிச்சம்ங்கிற அளவுக்குப் போனா, 8 ரெப்ஸுக்கும் 20 ரெப்ஸுக்கும் சதை வளர்ச்சியில பெரிய வித்தியாசம் வராது. உச்ச வலிமைக்குத்தான் கனமான எடை தேவை.

ஜிம்மோட குறை ஒண்ணு யாரும் பேசறதில்ல. அங்க டம்பெல் பெரும்பாலும் 2.5 கிலோ படியில இருக்கும். தலைக்கு மேல தூக்கற தோள் பிரஸ்ல 10 கிலோவிலிருந்து 12.5 போனா ஒரே தாவல்ல 25 சதவீதம், அங்கதான் பலர் தேங்கி நிக்கறாங்க. வீட்டுல அரை கிலோ தட்டு நாலு இருந்தா 10-லிருந்து 11-க்குப் போகலாம்.

கம்பிமுனை:
அறை அளவை யாரும் எடுத்துப் பேசவில்லையே. முடிவே அதில்தான் இருக்கிறது.

முழு அளவு பார்பெல் 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ. 2.5 மீட்டர் அகலத்தில் குறுக்கே வைத்தால் பக்கத்துக்கு 15 செ.மீ. மிச்சம். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஆளுக்கு 50 செ.மீ.யாவது வேண்டும், ஆகவே அது நடக்காது. நீளவாக்கில் வைத்தால் பக்கத்துக்கு 40 செ.மீ., ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். குட்டைக் கம்பி வாங்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. தட்டு மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள தண்டு, முழு அளவுக் கம்பியில் 131 செ.மீ. ரேக்கின் தூண்கள் இதற்குள் அடங்கும்படி சுமார் 120 செ.மீ. வெளியகலத்தில் செய்யப்படுகின்றன. குட்டைக் கம்பிகள் சிலவற்றில் தண்டையே குறைத்திருப்பார்கள், அவை ரேக்கில் உட்காராது. முனைகளை மட்டும் குறைத்த கம்பிதான் பயன்படும். கடையில் மொத்த நீளத்தைக் கேட்டால் போதாது, நடுத்தண்டின் நீளத்தைக் கேளுங்கள்.

துளை அளவும் இரண்டு வகை. பெரிய கம்பியின் முனை 50 மி.மீ., சாதாரணக் கம்பியும் டம்பெல் கைப்பிடியும் 25 முதல் 28 மி.மீ. இன்று 28 மி.மீ. துளைத் தட்டு வாங்கிவிட்டு, நாளை பெரிய கம்பிக்கு மாறினால் பழைய தட்டு எதுவும் ஏறாது. எந்தத் துளை என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

கூரை: காலணியோடு நின்று ஒரு கட்டையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்குங்கள். அங்கிருந்து கூரைக்கு உள்ள இடைவெளியை அளக்கவும். பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ., கம்பிக்கு மேலே 22.5 செ.மீ. நீட்டி நிற்கும். அதற்கு மேல் இன்னும் 10 செ.மீ. இல்லையென்றால் தோள் பிரஸை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். மின்விசிறி இருந்தால் கூரையை விடுங்கள், இறக்கையிலிருந்து அளங்கள்.

என் தீர்ப்பு: இந்த அறையில் பார்பெல் வேண்டாம், டம்பெல் மட்டும். பார்பெல்லில் எடை ஏற்ற வேண்டும் என்பதுதான் இலக்கு என்றால் ஜிம்.

எடைத்தட்டு:
கம்பிமுனை சொன்னதே என் வாதத்துக்கு வலு. இலக்கில் முதல் சொல் "வலிமை". பார்பெல் இல்லாத அறையில் அதை முழுதாக எட்ட முடியாது.

மலிவான டம்பெல் ஜோடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் நிரப்பிய தட்டுகள் தடிமன் அதிகம். 35 செ.மீ. கைப்பிடியில் அவற்றை அடுக்கினால் 15 கிலோவுக்குள்ளேயே இடம் தீர்ந்துவிடலாம். பெட்டியில் 40 கிலோ என்று போட்டிருக்கும், கைப்பிடியில் ஏறாது. வார்ப்பிரும்புத் தட்டு மட்டும் வாங்குங்கள். திருகும் நட்டு, செட்டுக்குச் செட்டு தளரும். ரப்பர் வளையம் உள்ள நட்டாகப் பாருங்கள், ஒவ்வொரு செட்டுக்கும் முன் இறுக்குங்கள். முகத்துக்கு மேலே தட்டு கழன்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. எண் சுழற்றி எடை மாற்றும் வகை வேகமானதுதான், ஆனால் ஒரு முறை கீழே போட்டால் உள்ளிருக்கும் பூட்டு உடையலாம்.

மாடியறை:
நட்டு விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா பார்பெல்தான் வலிமைங்கறது இல்ல. தண்டால்ல உடல் எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு கையில வருது. 70 கிலோ ஆளுக்கு அது 46 கிலோ கிட்ட. காலைப் பெஞ்சுல ஏத்தினா இன்னும் கூடும், முதுகுப்பையில 10 கிலோ தட்டைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டா அதுக்கும் மேல. 20 தண்டால் சுத்தமா வராத ஒருத்தருக்கு, படுத்துக்கிட்டு கம்பியை மேல தள்ளற பெஞ்ச் பிரஸ் இல்லையேன்னு கவலை எதுக்கு?

தனியா பெஞ்ச் பிரஸ் செய்யற ஆபத்தும் வீட்டுல இல்லாமப் போகுது. டம்பெல்னா முடியலேன்னா பக்கவாட்டுல இறக்கிடலாம்.

கம்பிமுனை:
அதில் ஒரு திருத்தம். 22 கிலோ டம்பெல்லைப் படுத்தபடி பக்கவாட்டில் விட்டால் தோளை இழுத்துக்கொண்டு போகும், கீழ்வீட்டுக்காரரும் எழுந்து வருவார். முதலில் மார்புக்கு இறக்கி, தொடைக்குக் கொண்டுவந்து, அதோடு எழுந்து உட்கார வேண்டும். அதைக் குறைந்த எடையில் பழகிவிட்டுத்தான் எடை ஏற்ற வேண்டும்.

ஜிம்மில் தனியாகப் பெஞ்ச் செய்தாலும் ரேக்குக்குள் செய்யுங்கள். பாதுகாப்புக் கம்பியின் உயரம்: மார்பைத் தூக்கி வளைத்திருக்கும்போது பார்பெல் அதைத் தொடக் கூடாது, முதுகைத் தட்டையாக்கினால் பார்பெல் அதன் மேல் உட்கார வேண்டும், கழுத்துக்கு வரக் கூடாது. வெறும் கம்பியில் சரிபார்த்துவிட்டு எடை போடுங்கள். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிப்பது கட்டாயம்.

பெஞ்ச் வாங்கினால் தாங்கும் எடையில் உங்கள் உடலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 70 உடல், 44 டம்பெல், ஆக 114 கிலோ. 120 என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள், 200-க்கு மேல் போங்கள். உயரம் 42 முதல் 45 செ.மீ.க்குள் இருந்தால் பாதம் தரையில் ஊன்றும்.

புதுவரவு:
கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்க என்ன செய்வது? தளம் தாங்குமா என்ற பயமும் இருக்கிறது.

கம்பிமுனை:
தாங்கும். பல நாட்டு விதிகளில் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை சுமை கணக்கிடுகிறார்கள். ஒரு பெஞ்சும் 44 கிலோ இரும்பும் நீங்களும் பரவி நிற்பது அதற்குள் அடங்கும். பிரச்சினை மோதலில்தான். 20 மி.மீ. அடர்ந்த ரப்பர் விரிப்பு தரை ஓடுகளைக் காக்கும், "டங்" என்ற ஒலியைக் குறைக்கும், ஆனால் அதிர்வு தளத்தின் வழியே கீழே போவதை முழுதாக நிறுத்தாது. அதன் அடியில் 18 மி.மீ. ஒட்டுப்பலகையும் மெத்தென்ற நுரை அடுக்கும் போட்டால் இன்னும் குறையும். கயிறு தாண்டுதல்தான் கீழே மோசமாகக் கேட்கும், அதை இந்த அறையில் செய்ய வேண்டாம். புது ரப்பர் நெடி அடிக்கும், சில நாள் வெளியே காற்றாட விட்டுவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். வினைல் தரை என்றால் ரப்பர் நேரடியாகப் பட்டால் கறை பிடிக்கும், நடுவே பலகை வையுங்கள்.

எடைத்தட்டு:
பலகை, நுரை, ரப்பர், பெஞ்ச், தட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சந்தாவைத் தாண்டிவிடும். ஜிம் சேர்வதாக இருந்தால் நான்கைப் பாருங்கள்: சேர்க்கைக் கட்டணம் தனியா, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, உடம்பு முடியாத மாதங்களை நிறுத்திவைக்கலாமா. நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒரு நாள் போய் நின்று, எத்தனை ரேக்குக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மாலை 7 மணிக்குப் பயிற்சி என்று சேராதீர்கள்.

மாடியறை:
எல்லாம் ஒரே நாள்ல வாங்கச் சொல்லலியே! முதல்ல டம்பெல்லும் பேண்டும். ரெண்டு மாசம் வாரம் 3 நாள் தவறாம ஓடினா பெஞ்ச், அப்புறம் புல்-அப் கம்பி. இரும்புத் தட்டைப் பழசா வாங்கலாம், துருவைத் தேய்ச்சு எடுத்துட்டாப் போதும். குளியலறைத் தராசுல நிறுத்துப் பாருங்க, மலிவுத் தட்டுல போட்டிருக்கிற எடைக்கும் உண்மைக்கும் வித்தியாசம் இருக்கும். ரெண்டு டம்பெல்லுக்கும் ஒத்துப்போற மாதிரி ஜோடி பிரிச்சுக்குங்க. பெஞ்சைப் பழசா வாங்கினா பற்றவைப்பு இணைப்புல விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. பேண்டை மட்டும் புதுசா வாங்கணும்.

புல்-அப் வராதவருக்கு வழி கேட்டீங்க இல்லையா? நாற்காலி மேல ஏறி, தாடை கம்பிக்கு மேல இருக்கிற நிலையில தொடங்கி, 5 விநாடி எடுத்துக் கீழே இறங்குங்க. 3 செட், செட்டுக்கு 4 தடவை. இடையில பேண்டைக் கம்பியில மாட்டி, மண்டியிட்டுக் கீழ இழுங்க.

எடைத்தட்டு:
இழுக்கும் பயிற்சிக்குப் பேண்ட் பொருந்தாது, இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பேண்டின் இழுவை நீள நீளக் கூடும். தண்டாலில், பிரஸில் கை நீளும்போது நமக்கும் வலு கூடுவதால் அங்கே ஒத்துப்போகும். முதுகுக்கு இழுக்கும்போது கடைசியில், கை உடம்போடு ஒட்டும் இடத்தில், நமக்கு வலு மிகக் குறைவு. பேண்ட் அங்கேதான் மிகக் கடினம். அதனால் முக்கால் தூரத்தோடு ரெப்ஸ் நின்றுவிடும். முதுகுக்கு, குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் டம்பெல் ரோவும் மெதுவாக இறங்கும் புல்-அப்பும் செய்யட்டும்.

கம்பிமுனை:
அந்தப் புல்-அப் கம்பியைக் கதவு நிலையில் நெருக்கி மாட்டும் வகையாக வாங்காதீர்கள், உராய்வில் மட்டும் நிற்பது வியர்வையில் வழுக்கும். கான்கிரீட் சுவரென்றால் 10 மி.மீ. விரிவு போல்ட், 70 மி.மீ. ஆழம். துளைத் தூசியை ஊதி எடுக்காவிட்டால் போல்ட் இறுகாமல் சுழலும், பெரும்பாலும் கம்பி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். செங்கல் சுவரில் விரிவு போல்ட் கல்லையே பிளக்கும், பசை ஊற்றி நிறுத்தும் வகை போடுங்கள், சாந்து இணைப்பில் துளைக்காதீர்கள். பொள்ளல் கல் (ஹாலோ பிளாக்) சுவரில் ஆள் தொங்கும் எதையும் மாட்ட வேண்டாம். கம்பிக்கு மேல் தலைக்கு 35 செ.மீ. விடுங்கள், அதாவது 2.25 மீட்டர் உயரம்.

புதுவரவு:
டம்பெல்லும் பேண்டும் வாங்கித் தொடங்குகிறேன், பார்பெல்லுக்கு 10 வருகைச் சீட்டு கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன். ஒரு சந்தேகம்: பேண்டைக் கதவில் மாட்டலாமா? கதவு அறைக்குள் திறக்கும்.

கம்பிமுனை:
அறைக்குள் நின்று இழுத்தால் கதவைத் திறக்கும் திசையிலேயே இழுக்கிறீர்கள், தாழ்ப்பாள் மட்டும்தான் தாங்குகிறது. கதவுக்கு வெளியே நின்று, இழுக்க இழுக்கக் கதவு மூடும்படி மாட்டுங்கள். பிடிப்பைக் கீல் பக்கம் வையுங்கள், பூட்டுப் பக்கம் வேண்டாம். பயிற்சிக்கு முன் பேண்டை மெல்ல நீட்டி, விளிம்பில் கீறலோ வெள்ளைக் கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே தூக்கி எறியுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் தொங்கவிட்டாலும் லேடெக்ஸ் சீக்கிரம் நொறுங்கும்.