பழைய எழுத்தாளர் திரும்பி வந்தபோது நான் வாசித்தவை

கிறிஸ் கிளேர்மாண்ட் மறுபடி எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடரை எழுதப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 1975 முதல் 1991 வரை அந்தத் தொடரைத் தோளில் சுமந்தவர் அவர். அதில் வரும் ஸ்டார்மும் கிட்டியும் பேசுகிற விதமே அவர் கொடுத்ததுதான்.

ஆனால் 2000-இல் வந்த இதழ்கள் என்னோடு ஒட்டவே இல்லை. கதை ஆறு மாதம் தாவி நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று பிடிபடுவதற்குள் நியோ என்று புதிதாக ஒரு எதிரிக் கூட்டம். முகம் மனதில் பதியும் முன்பே அடுத்தவர் வந்துவிடுகிறார். அவர் இல்லாத ஒன்பது வருடங்களில் மற்றவர்கள் எழுதியதையும் அவரே சுமக்க வேண்டியிருந்தது, பாவம்.

அப்புறம் 2009-இல் எக்ஸ்-மென் ஃபாரெவர் வந்தது. 1991-இல் அவர் விட்ட இடத்திலிருந்து, பிறகு வந்த எதையும் கணக்கில் எடுக்காமல் தொடர்கிற கதை. எடுத்த எடுப்பிலேயே, கையிலிருந்து உலோக நகங்கள் நீட்டும் நாயகன் வுல்வரினைக் கொன்றுவிடுகிறார்! அவனுடைய நகம் ஒன்று கிட்டியின் கையிலேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்தில்தான் என் பழைய கிளேர்மாண்ட் திரும்பக் கிடைத்தார். அவருக்குத் தேவைப்பட்டது பழைய நாற்காலி அல்ல, அடுத்தவர் கை படாத தனி இடம் என்று அப்போது தோன்றியது.

ஹல்க் காமிக்ஸில் எழுத்தாளர் பீட்டர் டேவிட்டுக்கும் இதேதான். 1987-இல் தொடங்கியவர், ஹல்க் பழையபடி வெறிபிடித்த முரடனாக வேண்டும் என்ற பதிப்பாசிரியர்களோடு ஒத்துப்போகாமல் 1998-இல் விலகினார். அவருடைய கடைசி இதழான 467-இல், ஹல்க்கின் நண்பன் ரிக் ஜோன்ஸ் வயதானவனாகப் பிற்காலத்தில் இருந்து நடந்ததையெல்லாம் சொல்கிறான். எழுத முடியாமல் போன கதைகளை ஒரே இதழில் கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும், எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அதனால்தான் 2020-இல் அவர் எழுதிய மேஸ்ட்ரோ தொடரை அவ்வளவு ஆசையாக வாசித்தேன். 1992-இல் கொடுங்கோலனாகக் காட்டிய அந்த எதிர்கால ஹல்க், எப்படி அப்படி ஆனான் என்பதுதான் கதை. விழித்துப் பார்க்கிறான், அணுப்போரில் உலகமே அழிந்து கிடக்கிறது. இதை வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு ஒப்பியிருக்காது.

லென் வெயினையும் சொல்லியாக வேண்டும். 1971-இல் ஓவியர் பெர்னி ரைட்சனோடு சேர்ந்து ஸ்வாம்ப் திங் என்ற சதுப்புநில உருவத்தின் கதையை உருவாக்கிய எழுத்தாளர், 2016-இல் ஆறே இதழ்களுக்காக அதற்குத் திரும்பினார். அடுத்த வருடமே காலமாகிவிட்டார். வாசிக்காதவர்கள் கெல்லி ஜோன்ஸின் ஓவியத்துக்காகவாவது எடுத்துப் பாருங்கள்.