கருப்பு மோலி நின்ற இடத்திலேயே ஆடுகிறது, குட்டியும் போடவில்லை – உதவி தேவை

பெரம்பூரில் இருக்கிறேன். கொளத்தூரில் வாங்கிய 2 கருப்பு மோலி மீன்களில் (முட்டையிடாமல் குட்டி போடும் வகை) ஒன்றுக்கு வயிறு நன்றாகப் புடைத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிகிறது. குட்டிகளை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று சொன்னதால் தாய் மீனை பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸில் போட்டு இன்றோடு 6 நாள் ஆகிறது. குட்டி வரவில்லை. நேற்றிலிருந்து துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் உடம்பை மட்டும் பாம்பு மாதிரி நெளிக்கிறது. சாப்பாடும் சரியில்லை. 40 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது, 3 மாதமாக இருக்கும் தொட்டிதான். கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. பிரசவ வலியா இது? பயமாக இருக்கிறது.

பதில்:
முதலில் அந்த பாக்ஸிலிருந்து அவளை வெளியே விடுங்கள், இப்போதே. கையகலப் பெட்டியில் 6 நாள் அடைபட்டுக் கிடந்தால் எந்த மீனும் சோர்ந்துபோகும், பயத்தில் பிரசவத்தையே தள்ளிப்போடும். மோலிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முதல் 40 நாள் வரை கர்ப்பம். கருப்பு மோலியில் இன்னொரு சிக்கல், கப்பி மீனில் தெரிகிற மாதிரி கர்ப்பத்தைக் காட்டும் கரும்புள்ளி வாலடியில் தெரியாது, உடம்பே கருப்பு. அதனால் நாள் கணக்குப் பார்த்து முன்கூட்டியே அடைத்துவைக்க வேண்டாம்.

பதில்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பெட்டி மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். கேன் தண்ணீர் என்றீர்களே, அதுதான் என் சந்தேகம். கேனில் வருவது பெரும்பாலும் ஆர்ஓ முறையில் வடிகட்டிய தண்ணீர், அதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் போய்விடும். நமக்குக் குடிக்கச் சரி, மோலிக்கு அது ஆகாது. மோலி இந்தத் தாதுக்கள் நிறைந்த கடின நீரில் வாழும் மீன், உப்பங்கழியிலும் வாழக்கூடியது. மென்மையான தண்ணீரில் வைத்தால் முதலில் காட்டுவது நீங்கள் சொன்ன இந்த நெளிப்பைத்தான். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் இருக்கிறதா? டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) இருந்தால் இரண்டையும் அளந்து சொல்லுங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது ஏறினாலும் இப்படி ஒடுங்கும்.

கேட்டவர்:
பாக்ஸிலிருந்து விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மீட்டர் வாங்கி அளந்தேன், தொட்டித் தண்ணீர் 60, எங்கள் போர் 720. அம்மோனியா இல்லை. மொத்தமாக மாற்றிவிடவா?

பதில்:
வேண்டாம்மா, ஒரே நாளில் மாற்றினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். தினமும் 4 லிட்டர் எடுத்து 4 லிட்டர் போர் தண்ணீர், ஒரு வாளியில் பிடித்து வைத்து, தொட்டிச் சூடு வந்த பிறகு மெதுவாக ஊற்றுங்கள். போர் என்பதால் குளோரின் கவலை இல்லை, மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி சேர்க்காமல் ஊற்றாதீர்கள். சூடு 26 டிகிரி சுற்றி இருக்கட்டும். பெட்டிக்குப் பதிலாக ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி ஒரு கைப்பிடி, மேலே மிதக்க ஹார்ன்வோர்ட் என்ற நீர்ச்செடி போடுங்கள், குட்டிகள் பிறந்ததும் நேராக அதற்குள்தான் ஓடும்.

கேட்டவர்:
9 நாள் கழித்து எழுதுகிறேன். நாலாம் நாளே நெளிப்பு குறைந்தது, அப்புறம் கண்ணாடியில் பாசியைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். இன்று காலை விளக்கைப் போட்டதும் ஜாவா மாஸுக்குள் ஏதோ அசைந்தது, உற்றுப் பார்த்தால் கண்ணும் வாலுமாக, ஒரு அரிசி நீளம்கூட இல்லை. எண்ணியதில் 17. அழுதுவிட்டேன். மஞ்சள் கரு கொடுக்கலாமா?

பதில்:
வாழ்த்துகள்! மஞ்சள் கரு வேண்டாம், கொஞ்சம் மிஞ்சினாலே தண்ணீர் கெட்டு, ஒரே இரவில் எல்லாம் போய்விடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் 30 குட்டிகள் போயின. பிறந்த அன்றே வாய் திறந்து தின்னும் குட்டிகள் இவை, அதனால் சாதாரண மீன் தீவனமான ஃபிளேக்ஸையே விரலால் மாவாக நசுக்கி, ஒரு சிட்டிகையில் பாதி, நாளைக்கு 3 அல்லது 4 முறை போடுங்கள். முடிந்தால் முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்டீமியா (பொடி இறால் மாதிரி உயிரி) கொடுங்கள், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்பதால் குட்டிகள் உறிஞ்சப்படாது, அப்படியே இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

பதில்:
இன்னொன்று, ஆண் மீன் இல்லாவிட்டாலும் அவள் சேர்த்து வைத்திருக்கும் விந்திலிருந்து இன்னும் பல மாதங்களுக்குக் குட்டி போடுவாள், அடுத்தது ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே வரும். 40 லிட்டருக்கு 17 வளர்ந்த மோலி தாங்காது, எனவே யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அடித்துடுப்பு குச்சி மாதிரி கூராகத் தெரிய ஆரம்பித்தால் அது ஆண், அதைப் பார்த்த அன்றே பிரித்துவிடுங்கள்.