காம்பராவுக்கு ஒரு வீடா, குடும்பத்துக்கு ஒரு வீடா?

மவுஸ்ஸாகலைக்காரி கேட்டது:

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனி வீட்டுத் திட்டம் வந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பட்டியல் ஒட்டினார்கள். தம்பி பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை.

இரண்டு குடும்பமும் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரே காம்பராவில்தான் (ஒற்றை அறையில்) இருக்கிறோம். உள்ளே தம்பி, அவன் பெண்சாதி, கைக்குழந்தை, அம்மா. இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து நானும் என் இரண்டு பிள்ளைகளும். அடுப்பு தனித்தனி. மகள் படிக்க உட்கார்ந்தால் அவளைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே போக வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவர் "காம்பரா நம்பருக்கு ஒரு வீடுதான்" என்கிறார். அடுத்த மேசைக்காரர் "உங்கள் பெயர் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) இல்லையே" என்கிறார். எப்படி இருக்கும்? வீட்டுக்காரர் இறந்த பிறகு கிலோ குறைகிறது என்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டார்கள், அப்புறம் பேர் பதியாமல், பறித்த கிலோவுக்கு மட்டும் காசு தரும் கைக்காசுக்கு எடுக்கச் சொன்னார்கள். இன்றும் அதே மலையில் அதே கொழுந்தைத்தான் பறிக்கிறேன். காரணத்தை எழுதித் தரச் சொன்னால் "அது வழக்கமில்லை" என்று பதில். பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் "பார்க்கிறேன்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். யாரிடம் முறைப்பாடு கொடுப்பது?

ஹப்புத்தளை அண்ணன்:

தங்கச்சி, சபைக்குப் பின்னால் அலையாதீர்கள். தோட்டத்து வீடு யாருக்கு என்பது அவர்கள் கையில் இல்லை. 2018-ல் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவே பிரதேச சபைகளுக்குத் தடை இருந்தது. வீட்டு விஷயம் அமைச்சு, ட்ரஸ்ட் (பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்), தோட்ட நிர்வாகம் என்று மூன்று பக்கம் ஓடும். மூவருமே அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

செக்ரோல்காரர்:

தொழிற்சங்கத் தலைவரைப் பிடியுங்கள். சந்தாக் கட்டாதவர் பெயர் எந்தப் பட்டியலில் வந்தது? 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது எங்கள் லயத்திலும் வெடி போட்டோம். நாங்கள் இன்னும் அதே தகரத்துக்குக் கீழேதான்.

கொஸ்லந்தை டீச்சர்:

தலைவரைப் பிடித்து வாங்குவதை அவரே நாளைக்கு வேறொருவருக்கு மாற்றிவிடலாம். முதலில் காரணத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன காரணத்துக்கு மேன்முறையீடு செய்தால் அங்கே போனதும் காரணம் மாறிவிடும். உங்களுக்கு இப்போதே இரண்டு சொல்லிவிட்டார்கள்.

2016-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமைச்சுக்கும் ட்ரஸ்டுக்கும் தமிழிலேயே எழுதுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பயனாளி தெரிவுக்கு என்ன விதி, பட்டியலை முடிவு செய்த கூட்டத்தின் அறிக்கை, உங்கள் பெயர் பரிசீலிக்கப்பட்டதா, விடப்பட்டதற்குக் காரணம் என்ன, இவ்வளவும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

செக்ரோலில் பெயர் இல்லை என்பதற்குப் பதில் உங்கள் சேமலாப நிதி (EPF) கணக்கில் இருக்கிறது. உங்களுக்காக நிதி கட்டிய வருஷமெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். தனிக் குடும்பம் என்பதற்குக் கிராம சேவகரிடம் கடிதம் எடுங்கள்.

நாளும் முக்கியம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. அதனால் தகவல் வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

இன்னொன்று: லயம் மண்சரிவு அபாயப் பகுதியில் இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேளுங்கள். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தத் தாளுக்கு இருக்கிற மரியாதை தனி.

மவுஸ்ஸாகலைக்காரி:

நன்றி டீச்சர். ஒரு பயம். நான் எழுதப் போய் தம்பி பெயரையும் வெட்டிவிட்டால்? அம்மா அதற்குத்தான் வேண்டாம் என்கிறார்.

கொஸ்லந்தை டீச்சர்:

தம்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். "அவருக்குக் கொடுத்தீர்களே" என்ற பேச்சே வேண்டாம். தனி அடுப்பு, இரண்டு பிள்ளைகள், தோட்டத்திலேயே வேலை, அவ்வளவுதான். கடிதத்தை அனுப்பும் முன் தம்பிக்கே வாசித்துக் காட்டுங்கள், சாட்சிக் கையெழுத்தும் அவரே போடட்டும். அம்மாவுக்கும் நிம்மதி.